தள்ளிப் போன நாள்

மாடிப்படி ஏறி வந்தவளின் கையிலிருந்த காய்கறிப் பையை மாமியார் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "போய்ப் படு. தள்ளிப் போயிருக்குல்ல, உடம்ப அலட்டிக்காத."

குரலில் அப்படியொரு பாசம்! மற்ற நாளென்றால் அதே வாயிலிருந்து "மலடி" என்று கூசாமல் வரும்.

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள் அவள். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. சினைப்பையில் நீர்க்கட்டி, அதனால்தான் மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறது, மோவாயில் முடி முளைக்கிறது என்று டாக்டரம்மா விளக்கியிருந்தாள். "தினமும் வேர்க்க வேர்க்க நடம்மா. சர்க்கரை இப்பவே வாசல்ல நிக்குது." அவளும் விடிந்ததும் நடந்தாள். பழைய சட்டைகூடச் சேரத் தொடங்கியது. அதற்குள் நாள் தள்ளிவிட்டது. நோய் செய்த வேலையைப் பிள்ளை என்று எண்ணி, வீடு அவளைக் கட்டிலில் போட்டுவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

வேலைக்குப் போன கடைசி நாள், கடைக் கழிவறையில் கர்ப்பச் சோதனைப் பட்டையில் சோதித்துப் பார்த்தாள். ஒற்றைக் கோடு, பிள்ளை இல்லை. அன்றைக்கே சொல்லத்தான் வந்தாள். லாரி ஓட்டும் புருஷன் அவளுக்கென்று ஒரு மெத்தென்ற தலையணை வாங்கி வந்திருந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனாக வாங்கித் தந்த முதல் பொருள். வாய் எழவில்லை. கொஞ்ச நாள் அனுபவித்துக்கொள்வோமே என்று நினைத்துவிட்டாள், பாவி.

படுத்துப் படுத்து உடம்பு கனத்தது. இரண்டு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. பயந்துபோனாள். ஒரு நாள் காலை மாமியார் குளிக்கப் போன நேரம் பார்த்துச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். முதுகில் வேர்வை வழிய நடந்தாள். என்ன சுகம்! திரும்பும்போது அடிவயிறு பிசைந்தது. மூன்றாவது மாடி ஏறுவதற்குள், தள்ளிப் போனதெல்லாம் சேர்ந்து கொட்டியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

மாமியார் கதவைத் திறந்தாள். அவள் காலில் வழிந்த ரத்தத்தையும் படிகளில் சொட்டியிருந்ததையும் பார்த்தாள்.

"நடந்தியா?"

"அத்தை, அது பிள்ளை இல்ல. டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். இல்லன்னுதான் வந்துது. எனக்கு முன்னாடியே தெரியும்."

"பொய் சொல்லாதடி. பண்றதையும் பண்ணிட்டு!"

புருஷன் எழுந்து வந்தான். "யாரக் கேட்டு வெளிய போன?" அவ்வளவுதான் கேட்டான். பிறகு சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை. "சத்தியமா ஒண்ணுமே இல்லங்க" என்றாள் மறுபடியும். அவள் காதுக்கே அது சாக்குப்போலக் கேட்டது.

மாமியார் உள்ளே போய் ஈரத்துணியோடு வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று அவள் ஒதுங்கினாள். கிழவி அவளைத் தாண்டிப் போய், படியில் மண்டியிட்டாள்.

"போறவன் வர்றவன்லாம் மிதிச்சிருவான்" என்று முனகியபடி முதல் துளியைத் துடைத்தாள். அழுத்தித் தேய்க்கவில்லை. குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பிறகு அடுத்த படிக்கு இறங்கினாள்.