கப்பற்காரன் கீறிய பாதி முகம்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். கொறற்றி அக்கா என்றால் இந்த ஜெர்மன் நகரம் டோர்ட்மண்டில் எங்கள் பாதிச் சனம் வாயைப் பொத்திக்கொள்ளும். அன்றைக்கு வந்த கோபத்தில் யூட்சனை அறையாமல் விட்டதே பெரிய காரியம்.

இருவருக்கும் ஒரே அச்சகத்தில்தான் வேலை. அவன் கணினியில் படங்களைத் துப்புரவாக்குவான். நான் சரிபார்த்து அச்சுக்கு அனுப்புவேன். வார நாட்களில் ஜெர்மன்காரரின் புத்தகங்கள். சனிக்கிழமைகளில் எங்கள் ஈழத்து ஆட்களின் நினைவஞ்சலி அட்டைகள். செத்தவர் இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு நிற்கிற படத்தைக் கொண்டுவந்து தருவார்கள். யூட்சன் கோட்டும் டையும் போட்டுவிடுவான். காயம், தழும்பு, மருந்துக்கட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுவான். செத்தவர் வடிவாக இருந்தால்தான் எங்கள் சனத்துக்கு மனம் ஆறும்.

இந்த முறை வந்தது ஓர் அருங்காட்சியகத்தின் வேலை. 1864இல் டென்மார்க்கோடு நடந்த போரில் கப்பலில் இருந்த ஒரு மாலுமி, தான் கண்டதையெல்லாம் மையால் படங்களாகக் கீறி வைத்திருக்கிறான். அதை உள்ளது உள்ளபடி மறுபதிப்புச் செய்யவேண்டும். தூசியை மட்டும் எடுக்கலாம், கோட்டில் கை வைத்தால் வேலை போகும் என்று முதலாளி யூட்சனைக் கூப்பிட்டே சொல்லியிருந்தார்.

ஒரு படத்தில், கப்பல் தளத்தில் செத்தவர்களை வரிசையாகக் கிடத்தியிருந்தது. ஓரத்தில் கிடந்த பெடியனுக்கு வலது பக்க முகமே இல்லை. குண்டு கொண்டுபோய்விட்டது. மாலுமி எதையும் ஒளிக்கவில்லை.

யூட்சன் எனக்கு அனுப்பிய படத்திலோ, அந்தப் பெடியனுக்கு முழு முகம் இருந்தது.

"உனக்கென்ன விசரோ? நாளைக்கு அச்சு! முதலாளி கண்டால் உன்னை வீட்டை அனுப்பிப்போடுவார்!" என்று கத்திக்கொண்டு அவன் மேசைக்குப் போனேன்.

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சுகொண்டோ செய்தனி?"

அவன் திரையைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவன் புதிதாகக் கீறிய வலது புருவம் நடுவில் வெட்டுப்பட்டிருந்தது. ஐயோ, மாதாவே! அந்தப் புருவம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு மே மாதமும் அவன் தம்பி நிலக்ஷனின் அட்டையை அச்சடிப்பது நான்தான். முள்ளிவாய்க்காலில் செத்த பெடியன். கோட்டும் டையும் போட்ட அந்த அட்டைப் படத்தில், புருவத்து வெட்டை மட்டும் யூட்சன் எடுக்காமல் விட்டிருந்தான்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"அவனுக்கும் இந்தப் பக்கம்தான் அக்கா," என்றான். "நான்தான் சாரத்தால மூடிப்போட்டு வந்தனான். அம்மாவிட்டை முகத்துக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொன்னனான். நீங்களே அழியுங்கோ. என்னால ஏலாது."

அவனை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். இந்த வேலையும் போனால் அவன் இடிந்துபோவான். முதலில் கண்ணை அழித்தேன். பிறகு கன்னத்தை. புருவத்தில் கை நின்றது. பாழாய்ப்போன கை! அதையும் அழித்தேன். மாலுமி கீறிய கறுத்த குழி திரும்ப வந்தது.

யூட்சன் அப்போதுதான் திரைப்பக்கம் குனிந்தான்.

"இப்பதான் அக்கா தம்பி மாதிரிக் கிடக்கு," என்றான்.

நான் அதை அச்சுக்கு அனுப்பினேன்.