முட்டாத சுவர்

இன்ஹேலரைப் பிள்ளையின் வாயில் வைத்து மூன்றாவது முறையாக அழுத்திவிட்டு அஜிதா நிமிர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். இனி இந்த வீட்டில் அடைக்க என்ன பாக்கி இருக்கிறது? ரப்பர் புகை உள்ளே வரக்கூடாது, சந்து பொந்தெல்லாம் அடையுங்கள் என்று மார்த்தாண்டத்து டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அவள் அடைத்துக்கொண்டுதான் இருந்தாள். சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே வெள்ளைப் பசை, கதவுக்கு அடியில் பட்டை, வெண்டிலேட்டருக்குக் கண்ணாடி, ஒயர் நுழைந்த ஓட்டைக்குச் சிமெண்டு. எறும்புகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆனால் அபிஷாவுக்கு இழுப்பு குறையவில்லை, கூடியிருந்தது. ஏழு வயதுப் பிள்ளை. சனிக்கிழமை லீவு நாளில் விளையாடப் போகாமல் கட்டிலில் உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

உச்சி வெயில் கூரையின் கண்ணாடி ஓடு வழியாகச் சாய்ந்து விழுந்தது. அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தாள். நடுச்சுவரின் தலைக்கு மேலாகப் புகை ஏறி வந்து, இந்தப் பக்கம் சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கிய புகை வெளியே போக வழியில்லை. வழியை எல்லாம் அவளே அடைத்து வைத்திருந்தாள். கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

மாமனார் ஞானையன் சாவதற்கு முன்பு வீட்டை இரண்டு மகன்களுக்கும் பங்கு வைத்தபோது போட்ட சுவர் அது. அதை ஓடு வரைக்கும் ஏற்ற அவர் விடவில்லை. ஒரு முழம் கீழேயே நிறுத்தச் சொன்னார். "செவரு மேல முட்டப்பிடாது. இந்தப் பக்கம் அழுதா அந்தப் பக்கம் கேக்கணும்" என்றார். அவர் குடும்பத்துப் பங்குச் சுவரெல்லாம் அப்படித்தானாம். அதனால் அந்த ஒரு முழத்தை யாரும் ஓட்டை என்று நினைத்ததில்லை. அஜிதாவும் நினைக்கவில்லை. வீடு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடியவளின் கண்ணில் அது மட்டும் படவேயில்லை. அழுதால் கேட்பதற்காம்! ஒரு மாதமாக இங்கே பிள்ளை இழுத்துக்கொண்டு கிடக்கிறது, அந்தப் பக்கத்திலிருந்து என்னவென்று ஒரு நாதி கேட்டதா?

அந்தப் பக்கம் இருப்பவர்கள் அவள் கணவன் பிபினின் அண்ணன் கிளீட்டஸும் அவர் மனைவி செசிலியும். போன வருஷ மழையில், ரப்பர் ஷீட்டைப் புகையில் காயப்போடும் அவர்களுடைய புகைப்புரை இடிந்து விழுந்தது. அன்றிலிருந்து ரப்பர் ஷீட்டை அடுக்களையிலேயே கம்பு கட்டித் தொங்கவிட்டு, கீழே தேங்காய்க் கதம்பையும் பச்சை விறகும் போட்டு மூட்டம் போடுகிறார் கிளீட்டஸ்.

குவைத்தில் இருந்த பிபினுக்கு வாட்ஸப்பில் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் குரல் தணிந்துவிட்டது.

"கொஞ்சம் பொறு அஜி. அப்பா சொல்லிட்டுப் போன காரியம். அண்ணன் வெசனப்படுவாவ."

"அண்ணனுக்க வெசனம் குவைத்து வரைக்கும் கேக்குது. பிள்ளைக்க இழுப்பு கேக்கலியா உங்களுக்கு?"

"நான் லீவுல வரும்ப பேசுதேன்."

"அதுவரைக்கும் பிள்ள மூச்சப் பிடிச்சிட்டு இருக்கட்டா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் துண்டித்தாள். கொத்தனார் இசக்கியைக் கூப்பிட்டால், அண்ணன் தம்பி காரியத்தில் தான் கை வைக்க மாட்டேன் என்று அவரும் போனை வைத்துவிட்டார். ஊரில் எல்லாருக்கும் அந்த ஒரு முழத்தின் மேல்தான் எவ்வளவு அக்கறை!

முற்றத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் மெஷினைக் கையால் சுழற்றிக்கொண்டிருந்த கிளீட்டஸிடம் நேராகப் போய் நின்றாள்.

"அத்தான், பிள்ளைக்கு ஒட்டும் முடியல்ல. தீய வெளிய எங்கயாவது போடுங்க."

அவர் மெஷினை நிறுத்தவில்லை. "எனக்க வீட்டுல நான் தீ போடுதேன். இந்தப் புகையக் குடிச்சுத்தான் ஒனக்க மாப்பிள வளந்தான். செத்தா போனான்?"

"அப்ப செவருக்கு மேல நான் அடைப்பேன்."

"அடைப்பியா? அப்பாக்க எலும்பத் தோண்டி வெளிய போட்டுட்டு வந்து அடை."

குளியலறை கட்டியபோது மிஞ்சிய செங்கல் பின்பக்கம் கிடந்தது. சிமெண்டும் இருந்தது. குழைக்கத் தெரியாமல் குழைத்தாள். பிள்ளையை வெளியே மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, ஏணியைச் சாய்த்து ஏறினாள். முதல் கல் மாமனாருக்கு. இரண்டாவது குவைத்துக்காரனுக்கு. மூன்றாவது கல்லை அத்தானின் தலையில் வைப்பதாகவே நினைத்து அழுத்தி வைத்தாள்.  புகை கண்ணில் அறைந்தது. நெற்றியில் சிமெண்டு வழிய, இரண்டு மணி நேரத்தில் ஒரு முழமும் நிறைந்து, ஒரே ஒரு கல் வைக்கிற இடம் மட்டும் மிஞ்சியது. கடைசிக் கல்லைத் தூக்கியபோதுதான் அந்தப் பக்கம் இருமல் கேட்டது. நின்று நின்று, அடிவயிற்றிலிருந்து வரும் இருமல்.

ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தாள். அடுக்களை முழுக்கப் புகை. தொங்கிக்கொண்டிருந்த ஷீட்டுகளுக்குக் கீழே, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு செசிலி குனிந்து மூட்டத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். சன்னல் இருந்த இடத்தில் தகரம்தான் தெரிந்தது. கதவும் சாத்தியிருந்தது.

"அக்கா, சன்னலுக்கு என்னவாச்சு?"

செசிலி தலையைத் தூக்கினாள். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. "ஒனக்க அத்தான் தகரம் அடிச்சாவ. புகை வெளிய போனா ஷீட்டுக்கு நெறம் வராதாம். கதவையும் தொறக்கப்பிடாது."

"எப்ப அடிச்சாவ?"

"வருசம் ஒண்ணாவுது. ஒனக்க பக்கம் கொஞ்சம் புகை போய்க்கிட்டு இருந்து, அதுல ஒப்பேத்திட்டேன். எனக்குத் தெரியும் மக்ளே, அது பிள்ளைக்க நெஞ்சுக்குத்தான் போவுதுண்ணு. தெரிஞ்சிதான் இருந்தேன்."

"ஒரு வார்த்த சொல்லப்பிடாதா அக்கா?"

"ஆருட்ட?"

 இத்தனை நாள் அஜிதா அந்தப் பக்கத்து மனுஷியையும் சேர்த்துத்தான் மனசுக்குள் திட்டியிருந்தாள். இப்போதும் கோபம் தணியவில்லை. தெரிந்தும் சும்மா இருந்தாளே என்று நெஞ்சு எரிந்தது. ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு திட்டவும் முடியவில்லை. கையில் கல் கனத்தது.

"கல்ல வையிட்டி" என்றாள் செசிலி. "பிள்ள மூச்சு விடட்டு."

அஜிதா கல்லை வைத்தாள். கரண்டியில் இருந்த சிமெண்டை எல்லாம் அதைச் சுற்றி அப்பினாள். இறங்கி வந்து, தானே பசை போட்டு ஒட்டிய கிழக்குச் சன்னலைக் கத்தியால் கீறித் திறந்துவிட்டாள். காற்று வந்தது. பிறகு தேங்காய் உரிக்கும் பாரையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி அண்ணன் பங்கின் பின்பக்கம் போனாள்.

தகரத்தில் நான்கு ஆணி. பாரையின் முனையை இடுக்கில் செருகி, உடம்பின் பாரத்தை எல்லாம் போட்டு நெம்பினாள். முதல் ஆணி தெறித்து விழுந்த சத்தத்தில் ரோலர் மெஷின் நின்றது.

"ஏட்டி! எனக்க சன்னலத் தொடாத!"

கிளீட்டஸ் அவளை இதற்கு முன் ஏட்டி என்று கூப்பிட்டதில்லை. ஓடி வரும் சத்தம் கேட்டது. அவள் திரும்பாமல் இரண்டாவது ஆணிக்குப் பாரையைக் கொடுத்தாள். அது வருவதற்குள் உள்ளேயிருந்து யாரோ தகரத்தைத் தள்ளினார்கள். தகரம் வளைந்தது. ஒரு வருஷத்துப் புகை அவள் முகத்தில் வந்து அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே நாலு விரற்கடை இடுக்கில் செசிலியின் வாய் மட்டும் தெரிந்தது. அது திறந்து, வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.