சோபா மேல் மெர்வ்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை, வேலி தாண்டி அதுவே வந்தது. கார்ப் பந்தய வாரம் வந்தால் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட்டில் பாதி ஊர், பந்தயம் நடக்கும் மலை மேல் கூடாரத்தில்தான் குடியிருக்கும். பக்கத்து வீட்டு மெர்வ் ஹாலிஹன் காலுறை எடுக்க இறங்கி வந்திருந்தார். நான் பாட்டுக்குக் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டிருந்தேன். விடுவாரா?

"மாப்ள, தகுதிச் சுத்து முடிஞ்சுது. சிவப்பு வண்டி, பதினேழாம் நம்பர், மொத இடத்துலேர்ந்து கெளம்புது. நம்ம நீலம் பத்தாவது. சும்மா இல்ல, கங்காரு குறுக்க வந்துருச்சு."

"கங்காரு எல்லாருக்கும் பொதுதானே?"

"அது அவனுங்க கங்காரு."

சிரிக்கவேயில்லை மனிதர். அவர் போனதும் நான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் ஆரம்பம்: 'மலைக்குப் பின்னால் சூரியன் இறங்க, எஞ்சின்களின் உறுமல்'

(அடித்தாயிற்று. சூரியனை வைத்துத் தொடங்கி உருப்பட்ட கதை நான் எழுதியதில்லை.)

இரண்டாவது: 'மெர்வுக்கு வயது அறுபத்தொன்று. அவன் வாயால் ஜெயிக்கும் என்று சொன்ன வண்டி'

(இது தேறும். ஒரு விஷயம்: வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் 'அவர்'. என் கதைக்குள் வந்துவிட்டால் 'அவன்'. மரியாதைக் குறைவு இல்லை, வசதி.)

3

மெர்வின் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய சோபா ஒன்றை உச்சிக்குத் தூக்கிப் போவார்கள். பந்தயத்தன்று காலை ஒவ்வொருவராக அதில் ஏறி, எந்த வண்டி ஜெயிக்கும் என்று அக்கம்பக்கத்துக் கூடாரமெல்லாம் கேட்கும்படி கத்த வேண்டும். கத்தினது கத்தினதுதான். மாற்றுகிற பேச்சே கிடையாது. சரியாகச் சொன்னவனுக்கு ஒரு பெட்டி பீர்.

மெர்வ் எப்போதும் நீலம் என்றுதான் கத்துவான். நீலம் எப்போதும் தோற்கும். ஒரு வருஷம் சக்கரம் கழன்றது. ஒரு வருஷம் கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்தது. ஒரு வருஷம் ஓட்டுநருக்கு அம்மை.

"டேய், உன் வாயில என்னத்தடா வச்சிருக்க?" என்று கூட்டாளி பாஸ்கோ கெஞ்சுவான். "ஒரே ஒரு வருஷம் மூடிக்கிட்டு இரேன்."

4

இங்கே மாட்டிக்கொண்டேன். பந்தயம் இருக்கிறது, பணயம் எங்கே? ஒரு பீர் பெட்டிக்காக நீங்கள் எதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும்?

அதனால் ஒருத்தியை உண்டாக்கினேன். பெயர் நெரிடா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பரம்பரைச் சிவப்பு, எதிர்க் கூடாரம். சத்தியமாக இப்படி ஒருத்தி இந்த ஊரில் கிடையாது.

(மெர்வ் தனி ஆள். மனைவி போன பிறகும் முற்றத்தில் இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றில் மட்டும் உட்காருவார். அந்தக் காலி நாற்காலியில் யாரையாவது உட்கார வைக்கத் தோன்றும். நெரிடா வந்த வழி அதுதான், ஒளிப்பானேன்.)

5

சனிக்கிழமை சாயங்காலம். ரொட்டிக்குள் சாசேஜை வைத்து, வதக்கின வெங்காயத்தை அள்ளிப் போட்டு, அவள் கையில் கொடுத்துவிட்டு மெர்வ் சொன்னான்:

"நெரிடா, நாம ரெண்டு பேரும் கட்டிக்கலாமே."

"சாஸ் எங்க?"

"என்னது?"

"சாஸ் இல்லாம கல்யாணம் பேசற மொத ஆளு நீதான்யா." சாவகாசமாகக் கடித்தாள். "சரி, கட்டிக்கறேன். நாளைக்குச் சோபா மேல ஏறி, சிவப்பு ஜெயிக்கும்னு கத்து."

"அடிப்பாவி!"

"மொத இடத்துல நிக்கற வண்டி. புத்தி இருக்கற எவனும் அதத்தான் சொல்லுவான்."

"புத்தி இருந்தா நான் ஏன் நீலத்துல இருக்கேன்?"

(நெரிடா மீது எனக்கே சந்தேகம். எந்தப் பெண் இப்படி நிபந்தனை போடுவாள்? அவளையே கேட்டேன். "முப்பது வருஷமா அந்தாளு வாயிலேர்ந்து ஒரே வார்த்தைதான் வருது. எனக்காக வேற ஒண்ணு வருமான்னு பாக்கணும். நீ எழுதற வேலையப் பாரு," என்றாள். பார்க்கிறேன்.)

6

மெர்வ் மல்லாக்கப் படுத்து இப்படி யோசித்தான்: மழை வந்தால் பத்தாவது இடத்திலிருந்தும் நீலம் மேலே வரும். வராவிட்டால் சிவப்பைப் பிடிக்க முடியாது. ஆனால் நான் சொன்ன வண்டி தோற்கும். அப்படியென்றால், நான் சிவப்பு என்று கத்தினால் சிவப்பு தோற்கும், நீலம் ஜெயிக்கும், நெரிடாவும் கிடைப்பாள்!

அடடா என்று துள்ளி எழுந்தான். கூடாரக் கம்பி மண்டையில் இடித்தது. இடித்த பிறகு வேறொன்று உறைத்தது. அவள் வண்டியைக் கவிழ்த்து அவளையே கட்டிக்கொள்வதா? சே!

விடிந்ததும் ஓடிப்போய் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

"உன் வாய் ராசி எனக்குத் தெரியாதா?" என்றாள் நெரிடா, டீயை ஆற்றிக்கொண்டே. "தெரிஞ்சுதான் கேட்டேன். சிவப்பு தோத்தா தோக்கட்டும்."

அவள் இப்படிச் சொல்வாள் என்று மெர்வ் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

7

சோபா மேல் ஏறினான். உள்ளே ஒரு ஸ்பிரிங் அறுந்தது. "நீலம்னு மட்டும் சொல்லித் தொலைக்காதடா!" என்று கீழே பாஸ்கோ கத்தினான். எதிர்க் கூடாரத்து வாசலில் அவள் நின்றாள். மெர்வ் வாயைத் திறந்து,

முடிவு ஒன்று: நீலம் என்று கத்துகிறான். அவள் கூடாரத்தைச் சுருட்டுகிறாள். (எழுதக் கை வரவில்லை.)

முடிவு இரண்டு: சிவப்பு என்று கத்துகிறான். நீலம் ஜெயிக்கிறது, கல்யாணமும் நடக்கிறது. (இவ்வளவு சர்க்கரை எனக்கு ஆகாது.)

முடிவு மூன்று: சோபாவில் ஒரு கங்காரு ஏறுகிறது. (நேரத்தைக் கடத்துகிறேன். தெரிகிறது.)

அப்படியே விட்டுவிட்டேன். பந்தயத்தையும் வேண்டுமென்றே பார்க்கவில்லை. அவன் பாவம், திறந்த வாயோடு அங்கேயே நிற்கிறான்.

8

இன்று காலை மெர்வ் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது நாற்காலியில் பாதி கடித்த ரொட்டி. துணி காயும் கொடியில் வழக்கமான நீலச் சட்டைகள், நடுவில் ஒரு சிவப்பு.

"என்ன மெர்வ், இந்த வருஷம் என்னன்னு கத்துனீங்க?"

வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தொண்டை அடியோடு போயிருந்தது. ரொட்டியைக் காட்டி, தெருப் பக்கம் கையை நீட்டி, கஷ்டப்பட்டு மூன்று வார்த்தைகளைச் சேர்த்தார்.

"சாஸ் வாங்கப் போயிருக்கா."

கதையை நான் அவரிடம் காட்டவில்லை. யாரிடமும் காட்டவில்லை.

வீட்டுக்குள் ஓடிவந்து கதவைச் சாத்திவிட்டேன். தெருமுனையில் ஒரு பேருந்து திரும்புகிற சத்தம் கேட்கிறது. சோபா மேல் அவன் என்ன கத்தினான் என்று தெரிய வேண்டுமானால் நீங்களே போய் அவளைக் கேளுங்கள். என்னால் முடியாது. சாஸ் இல்லாமல் கல்யாணம் பேச வைத்தது நான்தானே, அவள் சும்மா விடமாட்டாள்.