இரண்டாவது வரிசை

மரக்காணத்தில் உப்பளங்கள் முடிந்து தோப்பு தொடங்கும் இடத்தில் ஆரோக்கியசெல்வியின் பன்றிப் பண்ணை இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன், பன்றிகளுக்கு மட்டுமே வரும் கொள்ளைக் காய்ச்சலில் பதினோரு நாளிலேயே முப்பத்தெட்டு உருப்படிகளைப் பறிகொடுத்தவர் அவர். அதனால்தான், சென்னை ஆய்வுக்கூடத்திலிருந்து புதிய தடுப்பூசியைச் சோதிக்க வந்த சத்யப்ரியா கேட்டதும் உடனே சம்மதித்தார்.

"இதுல கிருமி இருக்குதாம்மா?"

"இல்லைங்க. கிருமியோட மேல் உறையில இருக்குற ஒரே ஒரு புரதம்தான். அதுக்கான மரபணுவ பூச்சி செல்லுக்குள்ள வெச்சு, அந்த செல்லயே புரதத்த செய்ய வைக்கிறோம்."

"பூச்சி செஞ்சு குடுக்குதா?" செல்வி சிரித்துவிட்டார். "சரி, போடுங்க."

மூன்று வார இடைவெளியில் இரண்டு ஊசிகள். பன்றிகள் நன்றாகவே இருந்தன.

டிசம்பரில் பக்கத்து ஊரில் காய்ச்சல் பரவியது. கால்நடை மருத்துவர் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் எல்லாம் ரத்தம் எடுத்தார். செல்வியின் பன்றிகளின் ரத்தத்தில் நோய்க்கான எதிர்ப்புப் பொருள் இருந்தது. அது ஊசியாலும் உருவாகும், நோய் தாக்கினாலும் உருவாகும்; எதனால் என்று அவருக்குத் தெரியவில்லை. விசாரணை முடியும்வரை ஒன்றைக்கூட வெளியே அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார். பன்றிகள் அதிகம் விற்கும் கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"உங்க ஊசியால நோய் வந்துடுச்சோன்னு பேசிக்கிறாங்கம்மா," என்று போனில் செல்வி சொன்னபோது குரலில் கோபமில்லை. அதுதான் சத்யப்ரியாவை உறுத்தியது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள்.

மருத்துவரின் முன்னாலேயே சோதனையைச் செய்தாள். தட்டில் இரண்டு வரிசைக் குழிகள். முதல் வரிசையில் ஊசியில் உள்ள புரதம்; இரண்டாவதில் நிஜக் கிருமியிடம் மட்டுமே உள்ள வேறொரு புரதம். ரத்தத்தில் அந்தந்தப் புரதத்துக்கான எதிர்ப்புப் பொருள் இருந்தால் குழி மஞ்சளாகும். காய்ச்சல் கண்ட பக்கத்து ஊர்ப் பன்றியின் ரத்தத்துக்கு இரண்டு வரிசையுமே மஞ்சளாயின. செல்வியின் இருபத்தாறு பன்றிகளின் ரத்தத்துக்கு முதல் வரிசை மட்டும் மஞ்சளாகி, இரண்டாவது தண்ணீர் போல நிறமில்லாமலே நின்றது.

மருத்துவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தார்.

"நோய் வரலைங்க. ஊசி வேலை செஞ்சிருக்குது, அவ்ளோதான்," என்று செல்வியிடம் சொன்னார். அன்றே தடையை நீக்கி எழுதிக் கொடுத்தார்.

செல்வி சத்யப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு வீட்டுக்கு அழைத்துப்போய் இறால் குழம்பு ஊற்றினார்.

"பக்கத்து ஊர்க்காரங்களும் கேக்குறாங்க. எப்ப கெடைக்கும்?"

"அரசாங்க அனுமதி வரணும்ங்க. ரெண்டு வருஷமாவது ஆகும்."

"வரட்டும். நாங்க எங்க போயிடப் போறோம்? இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோங்க."

சத்யப்ரியா தட்டை நீட்டினாள்.