வாத்தியாருக்கு ஒரு கூலிங்கிளாஸ்

கண்ணாடிக்கடை திறந்து பதினாலு வருஷமாகியும் ஒரு தடவைகூடப் படியேறாத அக்கா புருஷன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, கண்ணாடியம்மா யாருடைய மூக்குக்கண்ணாடிக்கோ ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. தலையை மட்டும் தூக்கி, "வாங்க அத்தான், உக்காருங்க" என்றாள். பிடிக்காதவர்களிடம் அவளுக்கு மரியாதை ஒரு பிடி கூடிவிடும்.

"உக்கார நேரமில்ல சின்னு. ஒரு நல்ல கூலிங்கிளாஸ் எடுத்துக் குடு. வெயில் இந்த வருஷம் கண்ண உறுத்துது."

ஊருக்கு வெளியே கிளைடர் மைதானம் இருந்தது. இஞ்சின் இல்லாத விமானங்கள். கம்பியைக் கட்டி, வின்ச் என்கிற இழுவை எந்திரத்தால் இழுத்து மேலே விட்டுவிட்டால், அப்புறம் சூடான காற்று எங்கே எழும்புகிறது என்று தேடிப் பிடித்து, பருந்து மாதிரி வட்டமடித்து ஏற வேண்டியதுதான். அங்கே அத்தான்தான் தலைமைப் பயிற்சியாளர்; எல்லாருக்கும் 'வாத்தியார்'. அங்கே பறக்கிறவர்கள் எல்லாரும் கூலிங்கிளாஸ் வாங்குவது கண்ணாடியம்மாவிடம். அவள் சும்மா எடுத்து நீட்ட மாட்டாள். முகத்தைத் திருப்பச் சொல்லுவாள், ஓரக்கண்ணால் பார்க்கச் சொல்லுவாள், காதில் மாட்டும் பட்டை தடித்த கண்ணாடியைக் கையிலிருந்தே பிடுங்கிவிடுவாள். "பக்கத்துல வர்ற விமானத்த இந்தக் காது மறைச்சிடும். ஸ்டைலா சாகணுமா?" என்பாள். போலரைஸ்டு கண்ணாடி கேட்டு வருகிறவர்களுக்கு நேராகவே இல்லை என்றுவிடுவாள்.

இவ்வளவு தெரிந்தவள் ஏன் மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று புதிதாக வந்தவர்கள் கேட்பதுண்டு. பழையவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அவளும் பறந்தவள்தான். இருபத்துநாலு வயசில், தனியாகப் பறக்க ஆரம்பித்த முதல் வருஷம். ஒரு மத்தியானம் நல்ல காற்று கிடைத்து அவள் இடப்பக்கமாகச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே ஒருவர் சுற்றும் காற்றுக்குள் இன்னொருவர் வந்தால் அவர் சுற்றும் திசையிலேயே சுற்ற வேண்டும். அதுதான் முதல் பாடம். அத்தான் கீழேயிருந்து வந்தார், எதிர்த்திசையில் நுழைந்தார். இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இல்லை. அவள் கிளைடரின் மூக்கைக் கீழே குத்தித் தப்பித்தாள். தரையிறங்கி வருவதற்குள் அவர் முந்திக்கொண்டு கொட்டகையில் எல்லார் முன்னாலும் நிர்வாகிகளிடம் பேசி முடித்திருந்தார். சோடாபுட்டி போட்ட பெண், தன்னைக் கவனிக்கவேயில்லை என்று. தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. பதிவேட்டில் அவர் கையெழுத்திலேயே இரண்டு வரி ஏறியது: 'எதிரில் வருவதைப் பார்க்கும் திறன் இல்லை. தனியாகப் பறக்க அனுமதி இல்லை.'

அவள் சண்டைக்குக் கிளம்பினாள். அக்காதான் காலைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள். "எனக்கு ஏழாம் மாசம்டி. இப்ப அவர் பேரு கெட்டா நாங்க எங்க போய் நிப்போம்? நீ விட்டுக்குடுத்துடு. உனக்கு அது விளையாட்டு, அவருக்கு அது வாழ்க்கை."

விட்டுக்கொடுத்தாள். அந்த இரண்டு வரியைப் பொய்யாக்கத்தான் கண் சம்பந்தமான படிப்பே படித்தாள். படித்து முடித்தபோது தன் கண்ணில் கண்ணாடியைத் தவிர ஒரு குறையும் இல்லை என்று அவளுக்குத் திட்டவட்டமாகத் தெரிந்துவிட்டது. கேட்கத்தான் ஆளில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் எல்லாருக்கும் கொடுக்கிற பழுப்பு நிறக் கண்ணாடியைத்தான் எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தார். "இது பத்தல. இன்னும் இருட்டா குடு." கொடுத்தாள். அடுத்த திங்கட்கிழமை மறுபடி வந்தார். "இதுவும் கூசுது. பனிமலை ஏறுறவங்க போடுவாங்களே, கன்னங்கரேல்னு, அது வேணும்."

"பறக்கறவங்க அத போடக் கூடாது அத்தான். மேகத்துக்கு முன்னால வெள்ளை இறக்கை தெரியாது."

"எனக்கே பாடமா? என் கண்ணு கழுகுக் கண்ணு."

"ஒரு தடவ உள்ள வந்து கண்ண டெஸ்ட் பண்ணிக்கோங்களேன். பத்து நிமிஷம்."

"அதெல்லாம் வேணாம்," என்றவர் குரலில் ஒரு அவசரம் இருந்தது. கிளம்புகிற மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பினார். வெயில் பக்கவாட்டில் முகத்தில் விழுந்தது. கண்மணிக்குள் சாம்பல் பூத்தமாதிரி ஒரு மங்கல், இரண்டு கண்ணிலும். ஆயிரம் பேருக்குப் பார்த்தவள். அவளுக்குக் கருவி தேவைப்படவில்லை. கண்புரை. வெளிச்சத்தில் கூசுவதும், இருட்டாகக் கேட்பதும், உள்ளே வர மறுப்பதும் எல்லாம் ஒரே நூலில் கோத்துக்கொண்டு வந்தன. மனுஷனுக்கே தெரிந்திருக்கிறது. மறைக்கிறார்.

அப்போது அவளுக்குள் ஒன்று எழுந்தது. பயம் இல்லை, பரிதாபமும் இல்லை. சந்தோஷம். அதை அவள் தன்னிடம் மறைத்துக்கொள்ளவில்லை.

"நீங்க கேக்கறது இப்ப கைவசம் இல்ல அத்தான். வரவழைக்கணும்," என்றாள். "அடுத்த வாரம் மைதானத்துல சீசன் கூட்டம் வெச்சிருக்கீங்கல்ல? எந்தக் கூலிங்கிளாஸ் போடணும்னு வந்து பேசச் சொல்லி செயலாளர் வருஷா வருஷம் கூப்பிடறாரு. இந்தத் தடவ வரேன். கையோட கொண்டாந்து தரேன்."

அத்தான் முகம் மலர்ந்துபோனது. "பழசெல்லாம் மறந்து வந்தியே, அதுவே போதும்."

கூட்டத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. அன்றைக்கே அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். செயலாளர் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். போனை எடுத்தாள், வைத்தாள். பூட்டிய அறையில் நாலு பேர் குசுகுசுவென்று பேசி, வாத்தியார் ஓய்வு பெறுகிறார் என்று மாலை போட்டு அனுப்பிவைப்பார்கள். தனக்கு நடந்தது அப்படி நடக்கவில்லை. அந்தப் பதினோரு நாளும் கடைவாசலில் வந்து நின்று வானத்தைப் பார்த்தாள். இரண்டு இருக்கை கிளைடர் ஒன்று மைதானத்துக்கு மேலே சுற்றுவது தெரியும். பின் இருக்கையில் அவர்தான் இருப்பார், முன்னால் யாரோ ஒரு மாணவர். அது பத்திரமாகக் கீழே இறங்குகிறவரைக்கும் உள்ளே போக மாட்டாள். ஆனால் போனைத் தொடவில்லை.

கூட்டத்தன்று உச்சிவெயில். கிளைடர்களை நிறுத்தும் பெரிய தகரக் கொட்டகையின் வாசலில் முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் முதலில் ஒரு போலரைஸ்டு கண்ணாடியை எடுத்து, பக்கத்தில் நின்ற கிளைடரின் கருவித் திரைக்கு முன்னால் பிடித்து மெதுவாகத் திருப்பினாள். திரை அப்படியே கறுத்துப் போனது.

"உயரம் எவ்வளவுன்னு பாக்கலாம்னு குனிவீங்க. ஒண்ணும் இருக்காது," என்றாள். சிரித்தார்கள். "இன்னொண்ணு. தூரத்துல வர்ற இறக்கை வெயில்ல பளிச்சுனு ஒரு மின்னு மின்னும் பாருங்க, சில சமயம் அதுதான் உங்க உயிர காப்பாத்தும். இந்தக் கண்ணாடி அந்த மினுக்கையே தின்னுடும்." சிரிப்பு நின்றது. நாலைந்து பேர் தங்கள் கண்ணாடியைக் கழற்றிச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

பிறகு மைதானத்தின் மறுகோடியைக் காட்டினாள். அங்கே வின்ச் ஓட்டுகிறவர் ஒரு நீளமான கம்போடு நின்றிருந்தார். கம்பின் நுனியில் இறக்கை மாதிரி வெட்டிய வெள்ளை அட்டை. பின்னால் வெளுத்த மேகம். "ஒவ்வொருத்தரா வந்து, உங்களுக்குப் புடிச்ச கண்ணாடிய போட்டுக்கிட்டு, இறக்கை இடப்பக்கம் சாஞ்சிருக்கா வலப்பக்கமான்னு சொல்லுங்க."

வந்தார்கள். பழுப்புக் கண்ணாடி போட்டவர்கள் பட்டென்று சொன்னார்கள். அடர்த்தியானது போட்டவர்கள் கொஞ்சம் திணறினார்கள், சொல்லிவிட்டார்கள். விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. தப்பாகச் சொன்ன ஒருவரைக் கேலி செய்தார்கள். கடைசியில் யாரோ, "வாத்தியார் வரணும்" என்றார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டியபிறகு எந்த வாத்தியாரால் உட்கார்ந்திருக்க முடியும்?

அவர் எழுந்து வந்தார். அவர் கேட்ட கன்னங்கரேல் கண்ணாடியைக் கண்ணாடியம்மா கையில் கொடுத்தாள். போட்டுக்கொண்டார். "வலது," என்றார். இடது. அட்டை அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. அவள் பழுப்புக் கண்ணாடியைக் கொடுத்தாள். "இடது," என்றார். இந்தத் தடவை சரி. ஆனால் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் எல்லாருக்கும் தெரிந்தது.

"வெறுங்கண்ணால ஒரு தடவ அத்தான்," என்றாள். சொல்லிக்கொண்டே கைக்குட்டையை எடுத்து நெற்றி வேர்வையைத் துடைத்தாள். மறுகோடியில் வின்ச்காரர் கம்பைக் கீழே இறக்கிப் புல்லில் படுக்கவைத்தார். கைக்குட்டையைப் பார்த்தால் இறக்கிவிடுங்கள் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தாள். எதற்கு என்று சொல்லவில்லை.

வெறும் மேகம். வேறு எதுவும் இல்லை.

அவர் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கினார். "வலது."

"நல்லா பாத்து சொல்லுங்க."

"அதான் சொல்றேனே, வலதுதான். நல்லா சாஞ்சிருக்கு."

முப்பது பேரும் காலி வானத்தைப் பார்த்தார்கள். அப்புறம் அவரைப் பார்த்தார்கள். அவரோடு முதல் நாள்தான் பறந்திருந்த ஒரு பெண் எழுந்து கொட்டகைக்குள் போய்விட்டாள். அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர் திரும்பினார். என்ன நடந்தது என்று மெல்ல மெல்ல முகத்தில் ஏறியது.

"எதிர்ல வர்றத பாக்குற திறன் இல்ல," என்றாள் கண்ணாடியம்மா. குரலை உயர்த்தவில்லை. "தனியா பறக்க அனுமதி இல்ல. இது யாரு எழுதின வார்த்தைன்னு பதிவேட்ட எடுத்துப் பாருங்க. எனக்குத்தான் பொருந்தல, உங்களுக்குக் கச்சிதமா இருக்கு அத்தான்."

கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினாள். அவசரப்படவேயில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வெளியே வந்தாள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அதே வழியாக ஓடி வந்தவள்.

மறுநாள் கடை திறக்கும்போதே அக்கா வாசலில் நின்றிருந்தாள். அழுது வீங்கிய முகம். "வீட்டுல வந்து சொல்லியிருக்கலாமேடி. ஊர் கூட்டித்தான் மானத்த வாங்கணுமா?"

"அவரு வீட்டுலயா சொன்னாரு?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "பதினோரு நாளா," என்றாள்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அந்தப் பதினோரு நாளும் பொண்ணுங்களயும் பசங்களயும் ஏத்திக்கிட்டுப் பறந்தாரே. ஒண்ணு ஆகியிருந்தா? அப்பவும் நீ கூட்டத்துக்கு வந்து இப்படி நின்னிருப்பியா?"

கண்ணாடியம்மா சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பினாள். அக்கா படியிறங்கிப் போனாள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

புரை ஒன்றும் உலகத்தில் இல்லாத நோய் இல்லை. இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்தார்கள். ஆறு மாதத்தில் வாத்தியாருக்கு இருபது வயசுப் பார்வை திரும்பிவிட்டது. அவள் செய்ததில் அவருக்கு நல்லதுதான் நடந்தது என்று ஊரில் சொன்னபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நிர்வாகிகள் ஒரு விதி போட்டிருந்தார்கள்: பயிற்சியாளர் யாராக இருந்தாலும் வருஷம் ஒரு தடவை கண்ணாடியம்மாவிடம் கண்ணைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவர வேண்டும்.

மறுபடி பயிற்சியாளராக ஏற அவரும் வந்தார். உள்ளறையில் விளக்கை அணைத்தாள். தாடையை வைக்கச் சொன்னாள். பத்து நிமிஷ வேலையை ஐம்பது நிமிஷம் செய்தாள். மேலே பாருங்க, கீழே பாருங்க, இமைக்காதீங்க. அவர் கண்ணீர் வடிய வடிய உட்கார்ந்திருந்தார்.

"சின்னு," என்றார் இருட்டில். "அன்னிக்கு நான் உன்ன பாத்தேன்."

அவள் கை நின்றது.

"பாத்துட்டேதான் உள்ள வந்தேன். எனக்கு உயரம் போயிட்டிருந்துச்சு, அந்தக் காத்து வேணும். நீ ஒதுங்கிடுவேன்னு நெனச்சேன்."

அவர் தன்னைப் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் அவள் நினைத்திருந்தாள். கோபத்திலும் அந்த ஒரு சலுகையை அவருக்குக் கொடுத்து வைத்திருந்தாள்.

"இத எங்கிட்ட சொல்லி என்ன பண்றது? பதிவேட்டுல எழுதுங்க."

"எழுதினா அதோட என் கதை முடிஞ்சிடும்."

"அப்ப அடுத்த வருஷம் வாங்க," என்றாள். விளக்கைப் போட்டாள். கண்ணில் குறையில்லாத மனுஷனுக்குப் பார்வைத் திறன் இல்லையென்று எழுத அவளால் முடியாது, கையெழுத்துப் போட்டாள். மெல்லிய காது வைத்த பழுப்புக் கண்ணாடி ஒன்றை அவளே தேர்ந்தெடுத்து, அவர் காதில் மாட்டி, அழுத்தாமல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினாள்.

அடுத்த வருஷமும் ஐம்பது நிமிஷம். எழுதினீங்களா என்று கேட்டாள். இல்லை என்றார். அதற்கடுத்த வருஷம் அவர் குறித்திருந்த தேதிக்கு வரவில்லை. அவருக்குப் பதிலாகச் செயலாளர் வந்தார். வாத்தியார் ராஜினாமா கொடுத்துவிட்டதாகவும், போகும்முன் பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அந்த இரண்டு வரியை அடித்துவிட்டு, நடந்தது இன்னதென்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டதாகவும் சொன்னார்.

"நின்னுட்டு எழுதினாரா, உக்காந்தா?" என்று கேட்டாள்.

செயலாளர் விழித்தார். "உக்காந்துதான்மா."

"கை நடுங்குச்சா? பக்கத்துல யாரு யாரு இருந்தாங்க? எழுதினத யாராவது சத்தமா படிச்சாங்களா?"

வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். கண்ணாடியம்மா கதவைச் சாத்திவிட்டு, அவருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒண்ணுவிடாம சொல்லுங்க. அவரு கொட்டகைக்குள்ள வந்ததுலேர்ந்து."