சோளகத்துக் குளிர்

சிறுபோக நெல் அருவிவெட்டு முடியும் தறுவாயில் இருந்தது. கமக்காரர் செல்வநாயகத்தின் வயலில் வாய்க்கால் பக்கத்து மூலை மட்டும்தான் மிச்சம். பெண்கள் நிரையாகக் குனிந்து வெட்டிக்கொண்டு போக, ஆண்கள் பின்னால் வந்து, வெட்டிப் போட்ட உப்பட்டிகளை அள்ளிக் கட்டிச் சுமந்தார்கள். விடிந்ததிலிருந்து சோளகக் காற்று ஓயாமல் வீசியது. தூசி கண்ணுக்குள் விழுந்தது. வெட்ட வெட்ட நிற்கும் கதிர் சுருங்கி வந்தது. அதற்குள் ஒதுங்கியிருந்த எலிகள் வெளியே பாய்ந்து வரம்பு வளைகளைத் தேடி ஓடின.

நிரையில் முன்னுக்கு நின்றவள் நேசமலர். உருத்திரபுரத்தில் அவளைவிட வேகமாக வெட்டுகிற பெண் இல்லை என்று செல்வநாயகமே சொல்லுவார். பிள்ளை பிறந்து ஐந்து மாதம் ஆகியும் அந்தப் பேர் குறையவில்லை. வாய்க்கால் கரையில் நின்ற மருத மரத்தில் ஏணை கட்டிப் பிள்ளையைக் கிடத்தியிருந்தாள். அது எழும்பிச் சிணுங்கத் தொடங்கியது. பால் சுரந்து சட்டை நனைந்தது. இந்த நிரையை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்துக்கொண்டு, குறுக்கே கிடந்த உப்பட்டியைக் காலால் ஒதுக்கினாள்.

சீறல் கேட்டது. அதற்குள் கடி விழுந்துவிட்டது.

சாரை என்றால் ஓடியிருக்கும். விரியன் இனத்துப் புடையன் ஓடவில்லை. உப்பட்டி கிடந்த இடத்திலேயே சுருண்டு, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, துருத்தி ஊதுவதுபோல் சீறிக்கொண்டிருந்தது. எலி தேடி வந்து நிழலுக்குப் படுத்திருக்க வேண்டும். நேசமலரின் கணவன் பரமலிங்கம் கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். இரண்டு பேர் சேர்ந்து அடித்தார்கள். நடுவில் பருத்திருந்த உடம்பு வெடித்தபோது உள்ளிருந்து குட்டிகள் வந்தன. முட்டையிடாமல் குட்டி போடுகிற பாம்பு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் அதுவரை பார்த்ததில்லை. மெல்லிய தோலைக் கிழித்துக்கொண்டு சாண் நீளத்தில் நெளிந்த அவற்றின் முதுகிலும் தாயின் முதுகில் இருந்த அதே வட்டங்கள் இருந்தன. ஒன்று தலையைத் தூக்கிக் கட்டையைப் பார்த்து வாயைத் திறந்தது.

நேசமலர் வரம்பில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ அவளுடைய சேலைத் தலைப்பைக் கிழித்துக் கணுக்காலுக்கு மேல் கட்டியிருந்தார்கள். எல்லாரும் பாம்பைச் சுற்றி நின்றார்கள். பிள்ளை அழுதது. வண்டிலைக் கட்டுங்கோ என்று அவள்தான் சொன்னாள்.

செல்வநாயகம் தன் வண்டிலையே கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் கால் முழங்கால் வரை வீங்கிவிட்டது. பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்தது. அங்கே ஊசி போட்டார்கள். பிறகு சிறுநீர் சிவந்து, அதன்பின் போகாமலே நின்றுவிட, ரயிலில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். இடையில் நடந்த எதுவும் அவளுக்கு நினைவில்லை. பிழைக்க மாட்டாள் என்று நினைத்துப் பரமலிங்கம் தன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தானாம். அவள் பிழைத்தாள். காலில் இரண்டு புள்ளிகளும் கறுத்த தோலும் மட்டும் மிஞ்சின. இனிப் பயமில்லை என்று சொல்லி வீட்டுக்கு விட்டார்கள்.

அத்தனை நாளும் பிள்ளையைப் பார்த்தவள் பரமலிங்கத்தின் அண்ணன் மனைவி இராசமலர். அவளிடமும் கைக்குழந்தை ஒன்று இருந்தது. இரண்டுக்கும் பால் கொடுத்தாள். நேசமலர் வந்து இறங்கியதும் கையைக் காலைக் கழுவிவிட்டுப் பிள்ளையை வாங்கி மடியில் வைத்தாள். பிள்ளை வாய் வைத்துச் சப்பிப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வீரிட்டு அழுதது. மறுநாளும் அப்படித்தான். பால் சுரக்கட்டும் என்று சுறாக் கருவாட்டுச் சரக்குக்கறி, முருங்கையிலை, உள்ளி என இராசமலர் பொறுமையாகச் சமைத்துக் கொடுத்தாள். பால் வரவில்லை. மாதவிலக்கும் வரவில்லை. அடுத்த பிள்ளையாக்கும் என்று பரமலிங்கம் நினைத்தான். அதுவும் இல்லை.

முதலில் அவள் அதைப் பலவீனம் என்றுதான் நினைத்தாள். விடிய எழும்ப ஏலாது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் கண் இருட்டும். பேசத் தொடங்கினால் சொல் தாமதமாகத்தான் வாயில் வந்தது. குளிக்கும்போது கைகளைத் தூக்கிப் பார்த்தாள். அக்குளில் ஒரு மயிர்கூட இல்லை. புருவம் கரைந்துகொண்டு வந்தது. தோல் வெங்காயச் சருகு போலானது. எல்லாவற்றையும்விட அந்தக் குளிர். சித்திரை வெயிலில் ஊரே மர நிழலில் கிடக்க, அவள் சேலையால் தோளை மூடிக்கொண்டு, வெயிலில் காய்ந்த வாய்க்கால் கட்டின்மேல் போய்ப் படுத்தாள். கட்டின் சூடு முதுகில் ஏறினால்தான் நித்திரை வந்தது.

அதைப் பார்த்த யாரோதான் பேச்சைத் தொடக்கினார்கள். பாம்பு மாதிரி வெயில் காய்கிறாள் என்று முதலில் பகிடியாகச் சொன்னார்கள். அடுத்த சிறுபோக அருவிவெட்டில் அவள் நிரையில் பின்தங்கி, மற்றவர்கள் வரம்பைத் தொட்டுத் திரும்பிய பிறகும் பாதியில் குந்தியிருந்தபோது அது பகிடியாக இருக்கவில்லை. குட்டிகளோடு அடிபட்ட பாம்பு சும்மா போகாது என்றார்கள். செல்வநாயகம் அப்படியெல்லாம் பேசுகிறவர் அல்ல. கொஞ்ச நாள் வீட்டில் ஆறுதலாக இருக்கச் சொன்னார். அதற்குப் பிறகு அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த அப்போத்திக்கரியிடம் அவள் தனியாகப் போனாள். அவர் நல்ல மனுஷன். காலைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்து அமத்திப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். அவள் குளிரைப் பற்றிச் சொன்னாள். மயிர் கொட்டியதைச் சொல்லக் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டாள்.

"கடி எப்பவோ மாறிட்டுது, பிள்ளை. நஞ்சு இவ்வளவு காலம் உடம்பில நிக்காது. பயந்திட்டாய், அவ்வளவுதான்" என்றார் அவர்.

ஒரு போத்தலில் சிவப்பு மருந்து கலந்து கொடுத்தார். அது முடியும்வரை குடித்தாள்.

பரமலிங்கம் கோபக்காரன் அல்ல. அவளை அடித்ததில்லை. முதல் மாதங்களில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தான், சோறும் காய்ச்சினான். பிறகு அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரத் தொடங்கினான். அவளுக்கு அவன் மேல் ஆசையும் இல்லை, அவன் வராமல் இருப்பதில் கோபமும் இல்லை. தனக்குள் ஏதோ அணைந்துவிட்டது என்று தெரிந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒருநாள், அண்ணன் வீட்டிலேயே வளர்ந்த பிள்ளையைத் தன்னோடு படுக்கவைக்கக் கேட்டாள். இராசமலர் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"கோவிக்காதை, நேசம். உன்ர உடம்பு சில்லெண்டு கிடக்கு. பிள்ளை பயப்படுது" என்றாள்.

வவுனியாவில் உள்ள ஒரு அரிசி மில்லில் ஆள் தேவை என்று நெல் ஏற்ற வந்த லொறிச் சாரதி சொன்னான். தங்க இடமும் கொடுப்பார்களாம். பரமலிங்கம்தான் பேசி ஒழுங்கு செய்தான். சுகம் வரும்வரைக்கும் என்றான். பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், மில்லின் பின்புறத்துக் கிடுகுக் கொட்டிலில் அவளுடைய பாயையும் பெட்டியையும் வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினான்.

மில்லில் நெல் அவிக்கும் அடுப்புகள் இரண்டு இருந்தன. தொட்டியில் ஊறிய நெல்லைக் கொப்பரையில் கொட்டி, கீழே உமியைத் தள்ளித் தள்ளி எரிக்க வேண்டும். அடுப்படியில் நிற்கிறவர்கள் நிலைப்பதில்லை. ஒரு கிழமை நிற்பார்கள். கண் எரிகிறது, தலை சுற்றுகிறது என்று களத்தில் நெல் காயவைக்கிற வேலையைக் கேட்டுப் போய்விடுவார்கள். நேசமலருக்குக் களத்து வேலைதான் கொடுத்தார்கள். அவள் தானாகவே அடுப்படியைக் கேட்டாள். முதலாளி நடராசா நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

மற்ற அடுப்பில் சரீபா என்ற பெண் நின்றாள். செட்டிகுளத்துப் பக்கம். நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை. முக்காட்டை இறுக்கிச் சுற்றியிருந்தாள்; அதற்குள் தெரிந்த முகத்தில் புருவம் இல்லை. நெருப்புப் பட்டுப் பொசுங்கியிருக்கும் என்று நேசமலர் நினைத்தாள். ஓய்வு வேளையில் எல்லாரும் வேப்ப மரத்தடிக்குப் போக, சரீபா அடுப்பின் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். நேசமலரும் தன் அடுப்பில் சாய்ந்திருந்தாள். இரண்டு மூன்று நாள் அப்படியே போனது.

பிறகு சரீபா கேட்டாள்.

"புள்ள, உனக்குக் குளிருதா?"

நேசமலர் அவளைப் பார்த்தாள்.

"ஓம்" என்றாள்.

"எது கடிச்சது?"

"புடையன்."

சரீபா தன் சேலைக் கரையை விலக்கிக் காலைக் காட்டினாள். கணுக்காலுக்குக் கீழே அதே கறுத்த தோல். பத்து வருஷத்துக்கு முன்னால் விறகு பொறுக்கப் போன இடத்தில் கடித்தது என்றாள். அதற்குப் பிறகுதான் எல்லாம் போனது. பிள்ளை தங்கவில்லை, மயிர் போனது, வேர்வைகூட வருவதில்லை. எத்தனையோ பேரிடம் சொன்னாள். பாம்பு கடித்தால் சாவார்கள், இல்லாவிட்டால் பிழைப்பார்கள். இடையில் இப்படி ஒன்று இருக்கிறதென்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"பாம்பு எலிக்கெண்டு வச்சிருக்கிற நஞ்சு. நாங்க போய் வாங்கிக்கிட்டம்" என்றாள்.

அன்று நேசமலர் அக்குள் மயிர் போனது, பால் நின்றது, புருஷனோடு படுக்க மனமில்லாதது எல்லாவற்றையும் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் சரீபா தலையசைத்தாள். கொப்பரை கொதித்து மேலே நுரைத்ததை இருவரும் கவனிக்கவில்லை. மேற்பார்வைக்காரன் வந்து ஏசினான்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நேசமலருக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. இருவரும் ஒரே கொட்டிலில் படுத்தார்கள். சரீபாவின் பேச்சு மெதுவாக இருந்தது. நேசமலரின் பேச்சும் அப்படித்தான். ஒருத்தி சொல்லி முடிக்கும்வரை மற்றவள் காத்திருந்தாள்.

தைப்பொங்கல் கழிந்து பரமலிங்கம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தான். பிள்ளை நடந்து வந்தது. நல்ல சட்டை போட்டிருந்தது. நேசமலர் கையை அடுப்புச் சுவரில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு வெளியே போனாள். ஆனாலும் வாசல் தாண்டுவதற்குள் கை ஆறிவிட்டது. கன்னத்தைத் தொட்டதும் பிள்ளை விலகித் தகப்பனின் காலைப் பிடித்துக்கொண்டு, அம்மாட்டைப் போவம் என்றது. எந்த அம்மா என்று யாரும் கேட்கவில்லை. பரமலிங்கம் ஒரு பை கச்சான் கடலை கொண்டுவந்திருந்தான். அதைக் கொடுத்துவிட்டு, பஸ் போய்விடும் என்றான்.

மாரி மழை தொடங்கியபோது மில்லில் பலருக்குத் தடிமல் வந்தது. எல்லாருக்கும் இரண்டு நாளில் சுகமானது. சரீபாவுக்கும் அதே தடிமல்தான். காய்ச்சல்கூடக் கடுமையாக இல்லை. ஆனால் அவள் எழும்பவில்லை. கொத்தமல்லித் தண்ணீரைச் சத்தி எடுத்தாள். நேசமலர் முதலாளியிடம் போய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள். தடிமலுக்கு ஆஸ்பத்திரியா, லொறி வரட்டும் பார்ப்போம் என்றார் அவர். அவள் சரீபாவின் கால்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்தாள். இரண்டு பேருடைய தோலிலும் சூடு இல்லாததால் தேய்த்தும் ஒன்றும் ஆகவில்லை.

"உனக்குத் தடிமல் வராமப் பாத்துக்க" என்று சரீபா சொன்னாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

லொறி வந்தபோது அவள் இறந்திருந்தாள். செட்டிகுளத்திலிருந்து சொந்தக்காரர் வந்து அன்றைக்கே கொண்டுபோனார்கள். தடிமலில் யாராவது சாவார்களா என்று மில்லில் ஒருநாள் கதைத்தார்கள். பிறகு நெல் ஊறிவிட்டதென்று வேலைக்குத் திரும்பினார்கள்.

சரீபாவின் அடுப்புக்குப் புதிதாக ஒருத்தியை நிறுத்தினார்கள். அவள் மத்தியானத்தோடு மயங்கி விழுந்தாள். அடுத்தவள் இரண்டு நாள் நின்றாள். நடராசா முதலாளி கணக்குப்பிள்ளையோடு அடுப்படிக்கு வந்தார். வெக்கை தாங்காமல் கதவடியிலேயே நின்று, கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். நேசமலர் சாக்கொன்றால் தோளைப் போர்த்திக்கொண்டு உமி தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் வேர்வையின் அடையாளமே இல்லை.

"இவவுக்கு வெக்கை தெரியாது. ரெண்டு அடுப்பையும் இவவே பாக்கட்டும். வேற ஆள் தேடாதேங்கோ" என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னார்.

அவர்கள் போனபின் அவள் மற்ற அடுப்பின் வாயைத் திறந்து உமியை உள்ளே தள்ளினாள். தீ எழும்பியது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவள் மெல்ல ஒருமுறை இருமினாள். இருமலை நிறுத்திவிட்டு, அடுத்தது வருகிறதா என்று காத்துக்கொண்டு, இரண்டு அடுப்புக்கும் நடுவில் அசையாமல் நின்றாள்.