ஆர்லீன் வீட்டுக் கதவைத் திறந்தது யார்?

எங்கள் ஒஹாயோ தெருவில் ஆர்லீனும் வெண்டலும் எதிரெதிர் வீடு. அவர்களுக்கிடையே நடந்ததை முழுசாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான். என் சமையலறை ஜன்னல் அப்படி அமைந்துவிட்டது, நான் என்ன செய்ய?

மார்ச்சில் ஆர்லீன் தன் பழைய காரை வெண்டலுக்கு விற்றாள். இருக்கைக்கு அடியில் கிடந்த வறுவல் துணுக்கு வரை பொறுக்கி எடுத்து, மெழுகு பூசிப் பளபளவென்று கொடுத்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு அவளுடைய கேரேஜ் கதவு தானாக மேலே ஏறியது. இறங்கியது. மறுபடியும் ஏறியது.

முகம் வெளுத்து என்னிடம் ஓடிவந்தாள். மூன்று வருடத்துக்கு முன் விவாகரத்தாகிப் போன டிரெவர் ஒரு ரிமோட்டைக் கையோடு கொண்டுபோயிருப்பான், இப்போது எங்கோ ஒளிந்து நின்று அமுக்குகிறான் என்று அடித்துச் சொன்னாள். கேரேஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவை எங்கள் தெருவில் யார் பூட்டுகிறோம்? அவள் அதற்கு முன்னால் சோபாவை இழுத்துப் போட்டாள். இனி இங்கே இருக்கமுடியாது, வீட்டை விற்றுத் தருகிறவர் வியாழக்கிழமை வருகிறார் என்றாள்.

டிரெவர் இப்போது எப்படி இருக்கிறான் என்று பார்க்க எனக்கும் ஆசைதான். புதன்கிழமை ஆறு மணிக்கு ஜன்னலருகே தயாராக நின்றேன். தெருவில் டிரெவர் இல்லை. வெண்டல் மட்டும் தன் வீட்டு முன்னால் காரில் உட்கார்ந்து, தன் கேரேஜ் கதவை முறைத்துக்கொண்டிருந்தார். கை காரின் உள்கண்ணாடிப் பக்கம் போனது. அவர் கதவு அசையவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் ஆர்லீனின் கதவு ஏறியது. கை மறுபடி போனது. கதவு இறங்கியது. உறுதி செய்துகொள்ள இன்னும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வெளியே போனேன்.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இந்தக் கண்ணாடியிலயே கேரேஜ் கதவைத் தொறக்கற பட்டன் இருக்கு, ரிமோட் மாதிரி. அதுக்கு என் கதவைப் பழக்குறேன். ரெண்டு நாளா அமுக்குறேன், ஒரு சொரணையும் இல்ல."

"சொரணையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் திரும்பிப் பாத்துட்டு அமுக்குங்க வெண்டல்."

அமுக்கினார். வாயைப் பிளந்தார்.

சத்தம் கேட்டு ஆர்லீனும் வெளியே வந்தாள். விஷயம் புரிந்ததும் அவர்மேல்தான் பாய்ந்தாள். காரோடு கொடுத்த கையேடு உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. நான்தான் பிரித்துப் படித்தேன். காரை விற்கும் முன், கண்ணாடிப் பட்டனின் நினைவிலிருந்து பழைய வீட்டுக் கதவை அழித்துவிட வேண்டுமாம். அதைக் கேட்டு ஆர்லீன் பாய்வதை நிறுத்தினாள்.

கண்ணாடியின் ஓரத்துப் பட்டன்கள் இரண்டையும் அவளே சேர்த்து அமுக்கி, விளக்கு படபடவென்று மின்னும்வரை விரலை எடுக்கவில்லை.

"இப்ப அமுக்குங்க," என்றாள், தன் கதவைப் பார்த்தபடி.

அமுக்கினார்.

"இன்னொரு தரம்."

ஆறு தரம் அமுக்கச் சொன்னாள். கதவு அசையவில்லை. அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டாள். வெண்டல் தன் ரிமோட்டைக் கண்ணாடியருகே பிடித்து அந்தப் பட்டனுக்குப் புதிதாகப் பழக்கினார். மிச்ச வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஆர்லீன் அவர் கேரேஜில் ஏணி போட்டு ஏறி, கதவை இழுக்கும், கூரையில் தொங்கும் மோட்டாரின் பட்டனை அமுக்கினாள். அரை நிமிடத்துக்குள் அவர் காரில் அமுக்க, ஒருவழியாக அவர் கதவு ஏறியது. ஏணியில் நின்றபடியே வீட்டை விற்றுத் தருகிறவரைப் போனில் கூப்பிட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

என் பாடுதான் திண்டாட்டம். டிரெவர் வந்துவிட்டான் என்று அதற்குள் நான்கு வீட்டில் சொல்லியிருந்தேன்.